ஆலை நெட்வொர்க்கைத் துண்டிப்பதா, வடிகட்டுவதா, ஒருவழியாக்குவதா?

திருப்பூர்ப் பக்கம் இருக்கும் ஒரு பொதுச் சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதற்குப் பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் அங்கே தொழில் நடத்த முடியும். அதனால் உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ, நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் என்று பெரிய இயந்திரங்கள் வந்தன. பம்பையும் வால்வையும் பிஎல்சி என்ற சிறிய கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் ஓட்டுகிறது. ஷிஃப்டில் இருப்பவர், முழு நிலையத்தையும் காட்டும் ஸ்காடா மென்பொருளின் திரையைப் பார்த்துக்கொள்கிறார்.

இதெல்லாம் காம்பவுண்டுக்குள்ளேயே முடிந்துவிட்டால் கவலை குறைவு. ஆனால் இப்படி ஒரு நிலையத்திலிருந்து சாதாரணமாக மூன்று தொடர்புகள் வெளியே போகின்றன. மீட்டர் ரீடிங்குகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சர்வருக்கு ஓயாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். இயந்திரம் கொடுத்த வெண்டர், ‘கோளாறு என்றால் இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறோம்’ என்று பேனலுக்குள் சிம் போட்ட ரவுட்டர் ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருப்பார். நிர்வாகத்துக்கோ தினசரிக் கணக்கு அலுவலகக் கம்ப்யூட்டரிலும் மொபைலிலும் தெரிய வேண்டும்.

பாதுகாப்புக்கென்று பணம் ஒதுக்கியதும் கொட்டேஷன்கள் வந்து குவியும். ஒருவர் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால் என்பார், ஒருவர் ஒரு பக்கம் மட்டும் போகவிடும் டேட்டா டயோடு என்பார், மூன்றாமவர் எல்லாவற்றையும் கண்காணிக்கும் மென்பொருள் என்பார். ‘ஒயரைப் பிடுங்கிவிட்டால் வேலை முடிந்தது’ என்று சொல்லும் பழைய ஆள் ஒருவரும் கட்டாயம் இருப்பார். இவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. அந்த மூன்று தொடர்புகளில் எது வெளியே படிக்க மட்டும் கொடுக்கிறது, எது உள்ளே வந்து மதிப்பை மாற்றி எழுதவும் விடுகிறது என்று முதலில் பிரியுங்கள். தேர்வு பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடும்.

படிப்பது, எழுதுவது என்ற பிரிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு மாட்பஸைப் பார்த்தாலே போதும். ஆலைக் கருவிகள் தங்களுக்குள் பேச 1979-இல் மோடிகான் நிறுவனம் கொண்டுவந்த நெறிமுறை அது. இன்றும் பல ஆலைகளில் அதுதான் ஓடுகிறது. ஈதர்நெட்டில் ஒரு ரெஜிஸ்டரில் (பிஎல்சிக்குள் மதிப்பு வைக்கும் இடம்) மதிப்பு எழுதச் சொல்லும் மாட்பஸ் செய்தி மொத்தம் 12 பைட். பரிமாற்ற எண்ணுக்கு 2, நெறிமுறை எண்ணுக்கு 2, நீளத்துக்கு 2, கருவி எண்ணுக்கு 1, என்ன வேலை என்பதற்கு 1, எந்த ரெஜிஸ்டர் என்பதற்கு 2, என்ன மதிப்பு என்பதற்கு 2. அவ்வளவுதான். அனுப்புவது யார் என்று கேட்க அதில் இடமே கிடையாது. வேலை எண் 3 என்று வந்தால் பிஎல்சி மதிப்பைப் படித்துக் கொடுக்கும், 6 என்று வந்தால் எழுதிக்கொள்ளும். கேபிளின் மறுமுனையில் இருப்பது ஸ்காடாவா, வேறு யாருடைய லேப்டாப்போ, அதற்குக் கவலையில்லை.

2024 ஜனவரியில் உக்ரைனின் லிவிவ் நகரில் இதுதான் நடந்தது. வெளிப்பக்கம் திறந்திருந்த ஒரு ரவுட்டர் வழியாகத்தான் உள்ளே வந்திருப்பார்கள் என்கிறது ஆய்வு. வந்தவர்கள் வீடுகளுக்கு வெப்பம் வழங்கும் கன்ட்ரோலர்களுக்கு மாட்பஸ் கட்டளைகளை அனுப்பினார்கள். கடும் குளிரில் 600-க்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்கள் ஏறக்குறைய இரண்டு நாள் வெப்பமில்லாமல் கிடந்தன. ரவுட்டருக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் போதிய தடுப்பு இல்லை.

ஒயரைப் பிடுங்குவது

முழுத் துண்டிப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். காகிதத்தில் இதைவிடப் பாதுகாப்பானது இல்லை, செலவும் இல்லை. நடைமுறையில் இது அநேகமாக நம்பிக்கை அளவிலேயே நின்றுவிடுகிறது.

ஈரானின் நத்தான்ஸ் அணு நிலையம் இணையத்தோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை. ஆனாலும் 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற மால்வேர் (தீய மென்பொருள்), யூஎஸ்பி வழியாகப் பரவி அங்கிருந்த சீமென்ஸ் பிஎல்சிகள் வரை போனது. 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகள் நின்றதற்குக் காரணம், புதிதாக நிறுவிய ஒரு இயந்திரத்தோடு கூடவே வந்த வான்னாக்ரை வைரஸ். யாரும் வெளியிலிருந்து உடைத்துக்கொண்டு வரவில்லை. வாங்கிய சாமானே கொண்டுவந்துவிட்டது.

நம்மூர்க் கதையும் உண்டு. 2019 அக்டோபர் 29 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, அவற்றின் மேல் சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்று நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் இருந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. அது நிர்வாக வேலைக்கான நெட்வொர்க்கில் இருந்த கம்ப்யூட்டர், முக்கிய உள் நெட்வொர்க் தனியாகவே இருக்கிறது என்பது அவர்கள் விளக்கம். அந்த வகையில் பிரிப்பு வேலை செய்தது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ‘சாத்தியமே இல்லை’ என்று சொன்ன இடத்தில் ஒரு நாளுக்குள் ‘இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான்’ என்று சொல்ல வேண்டி வந்ததே, துண்டிப்பை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

நம் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இது ஒத்துவராது. வாரியத்துக்கு ரீடிங் போயே ஆக வேண்டும். ஆகவே ஒயர் இருக்கும். முழுத் துண்டிப்பை ஒரே ஓர் இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பாய்லர் ட்ரிப், அவசர நிறுத்தம் மாதிரி உயிரோடு சம்பந்தப்பட்ட, ஆபத்தில் தானே நிறுத்தும் இன்டர்லாக்குகள் தனி ரிலேயிலோ தனி சேஃப்டி பிஎல்சியிலோ, எந்த நெட்வொர்க்கும் தொடாமல் இருக்கட்டும். 2017-இல் சவூதி அரேபியாவின் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் ட்ரைட்டன் மால்வேர் குறிவைத்தது அந்தச் சேஃப்டி கன்ட்ரோலரையேதான். கன்ட்ரோலரில் ஒரு சாவி உண்டு. ‘ரன்’ பக்கம் திருப்பி வைத்திருந்தால் புரோகிராமை மாற்ற முடியாது. அங்கே சாவி ‘புரோகிராம்’ பக்கமே திரும்பியிருந்தது.

ஃபயர்வாலும் நடு மண்டலமும்

அலுவலக நெட்வொர்க்கும் ஆலை நெட்வொர்க்கும் ஒரே சுவிட்சில் இருந்தால், வேறு எதையும் வாங்குவதற்கு முன் அவற்றைப் பிரித்தாக வேண்டும். ஆலைகளின் சைபர் பாதுகாப்புக்கான ஐஇசி 62443 தரநிலை சொல்வதன் சாரம் இதுதான்: ஒரே அளவு முக்கியத்துவமுள்ள கருவிகளை ஒரு மண்டலமாக்கு, மண்டலங்களுக்கு நடுவே போகிற ஒவ்வொரு வழியையும் பெயர் சொல்லிக் குறித்து வை.

அலுவலகத்துக்கும் ஆலைக்கும் இடையில் ஒரு ஃபயர்வாலை வைத்து நிறுத்திவிடுவது பாதி வேலை. நடுவில் மூன்றாவதாக ஒரு மண்டலம் வேண்டும். ஆலையிலிருந்து டேட்டா அங்கே இருக்கும் சர்வருக்கு வரும்; அலுவலகம் அந்தச் சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளும். அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து பிஎல்சிக்கு நேராக ஒரு பாக்கெட்கூடப் போகக் கூடாது. இணைப்பை யார் தொடங்குவது என்பதும் விதியில் இருக்க வேண்டும். ஆலைப் பக்கம்தான் நடு மண்டலத்தை அழைக்கும், நடு மண்டலம் ஆலையை அழைக்காது. மாட்பஸைப் புரிந்துகொள்ளும் ஃபயர்வால் என்றால் இன்னொரு படி போகலாம்: இந்த முகவரியிலிருந்து 3 வரலாம், 6-ம் 16-ம் (பல ரெஜிஸ்டர்களில் எழுதுவது) வரக் கூடாது என்று செய்திக்குள் பார்த்தே தடுக்கும். கூடுதல் விலை கொடுக்கலாம் என்று நான் சொல்லக்கூடிய ஃபயர்வால் அம்சம் இது ஒன்றுதான்.

குறை என்ன? முதல் நாள் ஃபயர்வால் சுத்தமாக இருக்கும். அப்புறம் ஒரு நாள் இரவு ரிப்போர்ட் வரவில்லை என்று போன் வரும். யாரோ ‘எல்லாம் எல்லாவற்றுக்கும் போகலாம்’ என்று ஒரு விதியைத் தற்காலிகமாகப் போடுவார். அது அங்கேயே தங்கிவிடும். டேட்டா பரிமாறும் பழைய ஓபிசி கிளாசிக் இருந்தால் தொல்லை இன்னும் அதிகம். அது விண்டோஸின் டிகாம் தொழில்நுட்பத்தின் மேல் ஓடுவதால், பேசும் போர்ட் எண்களை அவ்வப்போது தானே தேர்ந்தெடுக்கும். கண்டபடி போர்ட்டுகளைத் திறந்துவிட வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் அதன் புதிய வடிவமான ஓபிசி யுஏ-வுக்கு மாறினால், 4840 என்ற ஒரே போர்ட்டோடு வேலை முடியும்.

அலுவலகப் பக்கம் விழுந்தால் ஆலை தனியாக ஓடுமா என்று ஒருமுறை சோதித்தும் பார்க்க வேண்டும். 2021 மே மாதம் அமெரிக்காவில் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தின் அலுவலக நெட்வொர்க்கைத்தான் பணம் கேட்டு முடக்கும் ரான்சம்வேர் பிடித்தது. ஆனால் பரவிவிடுமோ என்ற பயத்தில் ஏறக்குறைய 8,850 கிலோமீட்டர் எரிபொருள் குழாயையே நிறுத்தினார்கள்.

ஒருவழிக் கருவி

பம்ப் டெலிவரி லைனில் நான்-ரிட்டர்ன் வால்வு செய்வதை டேட்டா டயோடு நெட்வொர்க்கில் செய்கிறது. ஒரு பக்கம் ஒளி அனுப்பும் பாகம் மட்டும், மறுபக்கம் ஒளி வாங்கும் பாகம் மட்டும். நடுவில் ஒற்றை ஃபைபர். திரும்பி வர வன்பொருளிலேயே வழி இல்லை. மென்பொருள் ஓட்டை, தப்பான விதி, திருடுபோன பாஸ்வேர்டு எதுவும் அதை மாற்றாது. அமெரிக்க அணுமின் நிலையங்களில் இது புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் நெட்வொர்க்கில் பரவலாகப் புழங்கும் டிசிபி என்பது பதில் கேட்டுக் கேட்டுப் பேசும் நெறிமுறை. ‘கிடைத்தது’ என்று திரும்பி வர வழியில்லாத இடத்தில் அது நடக்காது. அதனால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சர்வர் வைத்து, ஒன்று பதில் வந்ததுபோல் நடித்து டேட்டாவை வாங்க, மற்றொன்று அதை மறுபடி கட்டமைத்துக் கொடுக்க வேண்டும். வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் ‘மறுபடி அனுப்பு’ என்று கேட்கவும் முடியாது. முன்கூட்டியே உபரித் தகவல் சேர்த்து அனுப்புவார்கள். இத்தனையும் சேர்ந்து விலை, சாதாரண ஃபயர்வாலைவிடப் பல மடங்காகிவிடுகிறது.

நம் நிலையத்தில் வாரியத்துக்குப் போகும் ரீடிங்கைப் பொறுத்தவரை டயோடின் குணம் கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் அது படிக்க மட்டுமான தொடர்பு. ஆனால் அதற்காக டயோடே வாங்க வேண்டுமா என்றால், எனக்குத் தோன்றவில்லை. இன்ஸ்ட்ருமென்ட் ஆட்களுக்குத் தெரிந்த மலிவான வழி ஒன்று இருக்கிறது. நீரின் தரத்தை அளக்கும் அனலைசரிலிருந்து மின்னோட்டமாக வரும் 4-20 மில்லி ஆம்பியர் சிக்னலை, இரண்டு அவுட்புட் கொண்ட சிக்னல் ஐசொலேட்டர் ஒன்றில் பிரியுங்கள். ஒன்று பிஎல்சிக்கு, மற்றொன்று வாரியத்துக்கு அனுப்பும் டேட்டா லாகருக்கு. லாகருக்கும் பிஎல்சிக்கும் நடுவில் நெட்வொர்க்கே இல்லை. லாகரை யார் உடைத்தாலும் அந்த மின்னோட்டத்தின் வழியாக பிஎல்சிக்குக் கட்டளை அனுப்ப முடியாது. கிடங்கில் கிடக்கும் சாமானை வைத்து ஒருவழிப் பாதை! அதே அனலைசரை ஆர்எஸ்-485 கேபிளில் மாட்பஸ் வழியாக லாகரோடும் பிஎல்சியோடும் கோத்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். லாகர் எழுதவும் முடியும். வயரிங் சுலபம் என்று அதைத்தான் பல இடங்களில் செய்கிறார்கள்.

பத்து இருபது சிக்னல் வரை இந்த முறை போதும். நூற்றுக்கணக்கான டேக்குகளை (அளவீடுகளை) வெளியே அனுப்பும் மின் நிலையத்துக்கும் ரிஃபைனரிக்கும் டயோடுதான் சரி; அங்கே நிற்கும் ஒரு மணி நேரத்தின் நஷ்டம் கருவியின் விலைக்கு நியாயம் சொல்லிவிடும்.

வெண்டருக்குத் திறக்கும் கதவு

உண்மையான ஆபத்து இங்கேதான். கொட்டேஷன்களில் குறைவாகப் பேசப்படுவதும் இதைப் பற்றித்தான். மற்ற இரண்டும் படிக்கும் தொடர்புகள். இது எழுதும் தொடர்பு. நீங்கள் வாங்கும் ஃபயர்வாலும் டயோடும் பேனலுக்குள் இருக்கும் சிம் ரவுட்டரைப் பார்க்கவே பார்க்காது. அது பின்கட்டு வழி.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களுக்குள் புகுந்தவர்கள், திருடிய பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொண்டு விபிஎன் என்ற தொலைதூர இணைப்பு வழியாகத்தான் வந்தார்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எதுவும் இல்லை. திரையில் மவுஸ் தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறந்து மின்சாரத்தைத் துண்டிப்பதை ஆப்பரேட்டர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணை மின் நிலையங்களில் சீரியல் இணைப்பை ஈதர்நெட்டாக மாற்றும் சின்னக் கன்வெர்ட்டர்களின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரையும் அழித்துவிட்டதால், தூரத்திலிருந்து மறுபடி மூடவும் முடியவில்லை. சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. சில மணி நேரத்தில் திரும்பியதென்றால், ஆட்கள் நேரில் போய்க் கையால் போட்டதால்தான்.

2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிக்விப்பா நகரக் குடிநீர் பம்ப் நிலையத்தில் நடந்தது இன்னும் எளிமை. யூனிட்ரானிக்ஸ் பிஎல்சி ஒன்று இணையத்தில் நேராகவே தெரிந்தது. அந்த வகைக் கருவிகளுக்கு உள்ளே போக மாற்றப்படாத ‘1111’ பாஸ்வேர்டே போதுமாக இருந்திருக்கும் என்று அமெரிக்க அரசின் எச்சரிக்கை சுட்டியது. அங்கேயும் கையால் ஓட்டித்தான் சமாளித்தார்கள்.

இந்தக் கதவை வைக்க நான்கு விதம் இருக்கிறது. பொது ஐபி கொடுத்த சிம்மோடு எப்போதும் திறந்திருக்கும் ரவுட்டர் மிக மோசம். யார் தேடினாலும் அகப்படும். எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி ரிமோட் மென்பொருள் ஒன்றை ஸ்காடா கம்ப்யூட்டரிலேயே போட்டு வைப்பது அதற்கு அடுத்த மோசம்; பாஸ்வேர்டு திரையோரத்தில் ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கும், வெண்டரின் ஆள் வேலையை விட்டுப் போன பிறகும் அது மாறியிருக்காது. விபிஎன் போட்டு நேரே ஆலை நெட்வொர்க்கில் கொண்டுவந்து விடுவது பரவாயில்லை, ஆனால் வருபவரின் லேப்டாப்பில் என்ன இருக்கிறதோ அதுவும் கூடவே வரும். நான் பரிந்துரைப்பது நான்காவது: விபிஎன் நடு மண்டலத்தோடு நிற்கட்டும், அங்கே இடைநிலையாக ஒரு ஜம்ப் சர்வர், உள்ளே நுழைய ஓடிபி, ஆளுக்கொரு தனிக் கணக்கு, என்ன செய்தார் என்பதன் திரைப்பதிவு. புரோகிராமிங் மென்பொருள் ஜம்ப் சர்வரிலேயே இருக்கும்; வெண்டரின் லேப்டாப் ஆலையைத் தொடாது.

ஜம்ப் சர்வர் எல்லாம் நமக்கு முடியாது என்கிற சின்ன ஆலைகளுக்கும் ஒரு வழி உண்டு. ரவுட்டருக்குப் போகும் 24 வோல்ட் சப்ளையில் சாவி போட்ட செலக்டர் சுவிட்ச் ஒன்றை வைத்து, சாவியை ஷிஃப்ட் இன்ஜினியரிடம் கொடுங்கள். வெண்டர் போன் செய்தால் அவர் திறப்பார், லாக் புக்கில் எழுதுவார், வேலை முடிந்ததும் மூடுவார். கூடவே ஒரு டைமர் இருந்தால் மறந்துவிட்டாலும் தானே அணையும். வருஷத்தில் சில மணி நேரம் திறக்க வேண்டிய கதவை வருஷம் முழுக்கத் திறந்து வைக்காமல் இருப்பதற்கு இதற்கு மேல் செலவு தேவையில்லை.

என்கிரிப்ஷன், கண்காணிப்பு

ஐடி பக்கத்திலிருந்து வருபவர்கள் முதலில் கேட்பது என்கிரிப்ஷன், அதாவது செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கி அனுப்புவது. ஆலைக்குள் அதை நான் கடைசியில்தான் வைப்பேன். ஒட்டுக் கேட்பதால் இங்கே பெரிய நஷ்டமில்லை. அந்நியர் எழுதுவதால்தான் நஷ்டம். வேகமும் பார்க்க வேண்டும்: துணை மின் நிலையத்தில் பிரேக்கரை உடனே திறக்கச் சொல்லும் ‘கூஸ்’ (GOOSE) வகைச் செய்தி 3 மில்லி செகண்டுக்குள் போய்ச் சேர வேண்டும், அங்கே கூடுதல் கணக்கு எதையும் யோசித்துத்தான் சேர்ப்பார்கள். ஓபிசி யுஏ-வில் கையொப்பமும் என்கிரிப்ஷனும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கமிஷனிங் அவசரத்தில் செக்யூரிட்டி ‘நன்’ (None, பாதுகாப்பு இல்லை) என்று வைத்துவிட்டுப் போய்விடுவதும், சான்றிதழ் காலாவதியாகி ஒரு நாள் டேட்டா நின்றுபோவதும் சகஜம்.

இதற்கு ஒரே விதிவிலக்கு, சிக்னல் காம்பவுண்டைத் தாண்டும் இடம். ஆற்றங்கரைப் பம்ப் ஹவுஸ், ஊர்க்கோடி மேல்நிலைத் தொட்டி என்று ரேடியோவிலோ சிம்மிலோ பேசும் அமைப்புகளுக்கு என்கிரிப்ஷனும் அடையாளச் சரிபார்ப்பும் முதல் நாளே வேண்டும். 2000-இல் ஆஸ்திரேலியாவின் மரூச்சி வட்டாரத்தில், கழிவுநீர்க் கட்டமைப்புக்கு ரேடியோ கருவி அமைத்துக் கொடுத்த நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவரே, லேப்டாப்பும் ரேடியோவும் கொண்டு பம்புகளைக் குழப்பி சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீரைப் பூங்காக்களிலும் ஓடைகளிலும் வழியவிட்டார். காற்றில் போகிற கட்டளையை யார் சொன்னாலும் கேட்டுக்கொள்கிற அமைப்பு அது.

கண்காணிப்பு மென்பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அலாரம் வந்தால் பார்க்க ஆள் இருக்கிறாரா? ஆலை போக்குவரத்து மாறாமல் ஒரே மாதிரி ஓடுவதால் புதிதாக ஒரு எழுதும் கட்டளை வந்தால் பளிச்சென்று தெரியும். அந்த வகையில் இது அலுவலகத்தைவிட ஆலைக்கே பொருத்தம். சுவிட்சில் போக்குவரத்தின் நகலைத் தரும் மிரர் போர்ட்டில் மாட்டிச் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் வகைதான் வேண்டும். தானே போய் ஒவ்வொரு கருவியையும் தட்டிப் பார்க்கும் ஸ்கேனர்களைத் தாங்காமல் பழைய பிஎல்சிகள் நின்றுபோவதுண்டு. ராத்திரி ஷிஃப்டில் இருவர் மட்டும் உள்ள நிலையத்தில் இதற்குப் பெரிய பணம் போடுவது வீண். அதற்குப் பதிலாக, மேனேஜ்டு சுவிட்சுகளும், நிகழ்வுப் பதிவுகளான லாக்குகளைச் சேர்த்து வைக்க ஒரு சர்வரும் வாங்குங்கள். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, சைபர் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகள் 180 நாள் இருக்க வேண்டும். லாக்கே இல்லாமல் 6 மணி நேரத்தில் என்னத்தை எழுதுவது?

ஆக, இந்த நிலையத்தின் பட்ஜெட் என் கையில் இருந்தால் செலவு இப்படிப் போகும். இந்த வாரமே சிம் ரவுட்டருக்குச் சாவி சுவிட்ச், எல்லா டீஃபால்ட் பாஸ்வேர்டும் மாற்றம், பிஎல்சி புரோகிராமின் பேக்கப் பூட்டிய அலமாரியில். அடுத்த ஷட்டவுனில் வாரிய ரீடிங்கை ஐசொலேட்டருக்கு மாற்றுவது. பெரிய தொகை ஃபயர்வாலுக்கும் நடு மண்டலத்துக்கும்; ஜம்ப் சர்வர் அதே மண்டலத்தில் உட்கார்ந்துகொள்ளும். டயோடு வேண்டாம். நாளைக்கு இரண்டாவது நிலையம் கட்டி இங்கிருந்தே அந்தப் பம்புகளையும் ஓட்டப் போகிறார்கள் என்றால் கணக்கு மாறும்: எழுதும் தொடர்பு ஒன்று புதிதாகக் கூடுகிறது, அந்த லைனுக்கு என்கிரிப்ஷன் சேர வேண்டும். எப்படியும் அடுத்த பிஎல்சிக்கு டெண்டர் விடும்போது, ஓபிசி யுஏ பாதுகாப்பு முறை இயக்கப்பட்டு ஒப்படைக்கப்பட வேண்டும், ரிமோட் வசதி நிலையத்தின் ஜம்ப் சர்வர் வழியாக மட்டுமே என்ற இரண்டு வரியைச் சேர்த்துவிடுங்கள். பேனல் வந்து இறங்கிய பிறகு கேட்டால் வெண்டர் தனி பில் போடுவார்.